பென்சிலால் எழுதிய பந்தயம்

தை பிறந்ததும் சிராவயல் மஞ்சுவிரட்டில் எழுந்த ஆரவாரம் இன்னும் அடங்கவில்லை. எந்த ஊரில் திருவிழா என்று விசாரிப்பவர்கள், வண்டிப் பந்தயம் எத்தனை மணிக்கு என்றும் சேர்த்தே விசாரிக்கும் பருவம் இது. ஆகவே இந்த மாத இதழைப் பந்தயச் சிறப்பிதழாகக் கொண்டுவந்திருக்கிறோம். மாட்டு வண்டிப் பந்தயம், மஞ்சுவிரட்டு, கபடி என்று நம் மண்ணின் விளையாட்டுகளெல்லாம் உள்ளே இருக்கின்றன. இந்தப் பக்கத்தில் மட்டும் உங்களை லண்டனுக்கு அழைத்துப் போகிறேன். 1951 செப்டம்பரில் அங்கே நடந்த ஒரு மோட்டார் சைக்கிள் பந்தயத்தைச் சொல்ல வேண்டும். சொல்லி முடிக்கும்போது காரைக்குடிக்கே திரும்பி வந்துவிடுவோம்.

ஸ்பீட்வே என்றொரு பந்தயம். நம் நாட்டில் வேரூன்றாத விளையாட்டு என்பதால் பலருக்குப் பெயர்கூடப் பழக்கமில்லை. நீள்வட்டமான மண் தடம். சாம்பல் கரியும் பொடிக்கல்லும் பரப்பியிருக்கும். நான்கு வீரர்கள், நான்கு சுற்று, ஒரு நிமிடத்துக்குச் சற்று மேலே போனால் ஓட்டம் முடிந்துவிடும். வண்டி 500 சிசி. அந்தக் காலத்தில் பெரும்பாலும் ஜாப் என்ற ஆங்கிலேய நிறுவனத்தின் ஒற்றை சிலிண்டர் என்ஜின். பெட்ரோலுக்குப் பதில் மெத்தனால். கியர் ஒன்றே ஒன்று. பிரேக் கிடையாது.

பிரேக் இல்லாத வண்டியை வளைவில் எப்படித் திருப்புவது? அதில்தான் இந்த விளையாட்டின் வித்தை முழுவதும் இருக்கிறது. வளைவு நெருங்கும்போது வீரர் வேகத்தைக் குறைப்பதில்லை, முறுக்குகிறார். பின்சக்கரம் மண்ணில் வழுக்கி வெளிப்பக்கமாக வீசுகிறது. வண்டி இடப்பக்கம் திரும்ப, முன்சக்கரம் வலப்பக்கம் பார்க்கிறது. இடது காலில் இரும்புத் தகடு போட்ட காலணி. அதைத் தரையில் உரசவிட்டு, அந்த வழுக்கலிலேயே வளைவைக் கடக்கிறார்கள். பின்சக்கரம் வாரி இறைக்கும் மண் பின்னால் வருபவரின் முகத்தில் அடிக்கும். மதுரைச் சித்திரைப் பொருட்காட்சியில் மரணக் கிணற்றின் விளிம்பில் நின்று, பலகைச் சுவரில் வண்டி சுழன்று ஏறுவதை எட்டிப் பார்த்தவர்களுக்கு அந்த நடுக்கம் புரியும். அதே நடுக்கத்தோடு நாலு பேர் போட்டியும் போட்டால் அதுதான் ஸ்பீட்வே.

ஆஸ்திரேலியாவில் 1920களில் தழைத்த இந்த விளையாட்டு 1928இல் இங்கிலாந்துக்கு வந்து வேகமாகப் பரவியது. 1936இல் லண்டன் வெம்பிளி அரங்கில் முதல் உலகச் சாம்பியன்ஷிப். போரால் நின்றுபோய், 1949இல் மறுபடி தொடங்கியது. வெம்பிளி நமக்கும் அந்நியமான இடமில்லை. சுதந்திர இந்தியா தன் முதல் ஒலிம்பிக் தங்கத்தை, 1948 ஆகஸ்டில், பிரிட்டனையே 4–0 என்று ஹாக்கியில் வீழ்த்தி வாங்கியது அந்த அரங்கில்தான். மூன்றே ஆண்டு கழித்து அதே அரங்கில் நடந்ததைத்தான் சொல்ல வந்தேன்.

அன்றைய இங்கிலாந்தை நினைத்துப் பாருங்கள். போர் முடிந்து ஆறு ஆண்டாகியும் இறைச்சிக்கு ரேஷன். பெட்ரோல் கட்டுப்பாடு முந்தைய ஆண்டில்தான் நீங்கியிருந்தது. குண்டு விழுந்து இடிந்த மனைகள் லண்டனில் இன்னும் சீராகவில்லை. அந்தக் காலி மனைகளில் பையன்கள் செங்கல் துண்டுகளை ஒதுக்கி வட்டத் தடம் போட்டு, பழைய சைக்கிள்களில் ஸ்பீட்வே ஓட்டினார்கள். தெருவுக்குத் தெரு அணி, அணிக்கு அணி சட்டை. சைக்கிள் ஸ்பீட்வே என்று அதற்கே தனி அமைப்புகள் பிறந்து, இன்றும் நடக்கின்றன. ஏறத்தாழ அதே நேரத்தில், 1949இல், நம் பள்ளத்தூர் முருகப்பா குடும்பத்தார் இங்கிலாந்து நிறுவனத்துடன் கூட்டுச் சேர்ந்து சென்னையில் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கினார்கள். அங்கே இடிபாட்டுக்கிடையே பையன்கள் மிதித்த சைக்கிளும், இங்கே நம் அப்பாமார்கள் கல்யாணத்துக்குச் சீராக வாங்கிய சைக்கிளும் ஏறத்தாழ ஒரே குடும்பத்துப் பிள்ளைகள்.

பெரியவர்களுக்கு வாரம் ஒரு மாலை ஸ்பீட்வே. நகரத்துக்கு நகரம் அணி. முதல் பிரிவு, இரண்டாம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று லீக். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டிலிருந்து வந்த ஜாக் யங், ஸ்காட்லாந்தில் எடின்பரோ அணிக்காக ஓடிக்கொண்டிருந்தார். அது இரண்டாம் பிரிவு அணி. லண்டன்காரர்கள் பார்வையில் இரண்டாம் பிரிவு என்றால் சின்ன ஊர்க்காரர்கள். உலகச் சாம்பியன்ஷிப்பின் தகுதிச் சுற்றுகள் பல ஊர்த் தடங்களில் நடக்கும். புள்ளிகளைக் கூட்டிப் பார்த்து மேலே நிற்கும் 16 பேர் வெம்பிளிக்குப் போவார்கள். யங் அப்படிப் புள்ளி சேர்த்து வந்தார்.

இறுதி ஆட்டத்தின் அமைப்பே ஓர் அழகு. 16 வீரர்கள், 20 ஓட்டங்கள். ஒவ்வொருவருக்கும் ஐந்து ஓட்டம். ஓர் ஓட்டத்தில் எதிரே மூன்று பேர். ஐந்து ஓட்டத்தில் 15 பேர். அதாவது ஒவ்வொருவரும் மற்ற எல்லாரையும் ஒரே ஒரு முறை சந்தித்தாக வேண்டும். முதலில் வந்தால் 3 புள்ளி, அடுத்தவருக்கு 2, மூன்றாமவருக்கு 1, கடைசி ஆளுக்குச் சுழி. அதிகபட்சம் 15. யாரும் யாரிடமும் ஒளிய முடியாது. எளியவர்களோடு மட்டும் மோதிப் புள்ளி சேர்த்துக்கொள்ளவும் வழியில்லை.

அன்றிரவு வெம்பிளியில் 93,000 பேர். ஜாக் பிக்ஸ் என்ற இன்னோர் ஆஸ்திரேலியர், லண்டன் ஹாரிங்கே அணிக்காரர், முதல் நான்கு ஓட்டங்களிலும் முதலாவதாக வந்தார். 12 புள்ளி. மீதி ஓர் ஓட்டம். அதில் மூன்றாவதாக வந்தால் போதும், ஒரு புள்ளி கிடைக்கும், உலகச் சாம்பியன். நான்கு பேரில் மூன்றாமிடம்! பிக்ஸ் கடைசியாக வந்தார்.

யங், பிக்ஸ், ஹாரிங்கே அணியின் ஸ்ப்ளிட் வாட்டர்மேன் மூவரும் தலா 12. முடிவு காண மூவரையும் மட்டும் வைத்து இன்னோர் ஓட்டம். யங் முதலில், வாட்டர்மேன் அடுத்து, பிக்ஸ் கடைசியில். இரண்டாம் பிரிவு அணியிலிருந்து வந்து உலகப் பட்டம் வென்ற முதல் வீரர் ஜாக் யங். அடுத்த ஆண்டு லண்டன் வெஸ்ட் ஹாம் அணி அவரை அழைத்துக்கொண்டது. 1952லும் அவரே வென்றார். அதுவரை யாரும் இரண்டு முறை வென்றதில்லை.

யங்கின் வெற்றியைவிட பிக்ஸின் அந்த ஐந்தாவது ஓட்டம்தான் என்னை அதிகம் அலைக்கழிக்கிறது. 12 புள்ளியோடு காத்திருந்த நேரத்தில் அந்த மனிதர் என்ன நினைத்திருப்பார்? அதன் பிறகு அவருக்கு அப்படியோர் இரவு வாய்க்கவில்லை. ஆனாலும் ஓட்டத்தை விடவில்லை. 1972இல் ஆஸ்திரேலியாவின் பெண்டிகோ தடத்தில் பந்தயத்தின்போது நேர்ந்த விபத்தில் இறந்தார். முதல் நான்கு ஓட்டமும் 3, 3, 3, 3, ஐந்தாவது 0. இந்த ஐந்து எண்களில் ஒரு மனிதரின் முழு இரவும் இருக்கிறது.

எழுபது ஆண்டுக்கு மேலாகியும், கடல் தாண்டி இருக்கும் நமக்கு இந்த ஐந்து எண்கள் எப்படி வந்து சேர்ந்தன? இதைக் கேட்கத்தான் உங்களை இவ்வளவு தூரம் அழைத்து வந்தேன்.

ஸ்பீட்வே அரங்கின் வாசலில் சில காசுக்கு ஒரு நிகழ்ச்சி நிரல் விற்பார்கள். அதில் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு கட்டம். யார் யார் ஓடுகிறார்கள், யாருக்கு என்ன நிறத் தலைக்கவசம் என்று அச்சிட்டிருக்கும். பக்கத்தில் வெற்றுக் கட்டங்கள்: யார் எந்த இடத்தில் வந்தார், எத்தனை விநாடி, எத்தனை புள்ளி. அதை நிரப்புவது பார்வையாளர் வேலை. ஓட்டம் முடிந்து ஒலிபெருக்கியில் முடிவைச் சொன்னதும் அரங்கம் முழுவதும் தலை குனியும், பென்சில் ஓடும். கப்பல்துறைக் கூலி, பேருந்து நடத்துநர், பள்ளிக்கூடப் பிள்ளை, பாட்டி என்று வந்தவர்கள் அத்தனை பேரும் கணக்கர்கள். வீட்டுக்குப் போய் அந்தத் தாளைக் குப்பையில் போடாமல் அலமாரியில் அடுக்கினார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் இப்படித் தேங்கிய தாள்களிலிருந்துதான், அன்றைய செய்தித்தாள்களோடு ஒப்பிட்டு, அந்த விளையாட்டின் சரித்திரத்தை ஆர்வலர்கள் பிற்பாடு எழுதினார்கள்.

அந்தத் தாள்கள் மிஞ்சின, தடங்கள் மிஞ்சவில்லை. 1950களில் கேளிக்கை வரி நெரித்தது, தொலைக்காட்சி வந்து கூட்டத்தை வீட்டில் உட்காரவைத்தது. அணிகள் ஒவ்வொன்றாக மூடின. வெம்பிளியின் சொந்த அணியே 1957இல் கலைந்தது. யங் ஓடிய எடின்பரோ மெடோபேங்க் திடல், 1970 காமன்வெல்த் போட்டிகளுக்காக வேறு அரங்கமாக உருமாறிவிட்டது. பழைய வெம்பிளியையும் இடித்தாயிற்று. நின்று பார்க்க ஓர் இடமில்லாமல் போன பிறகும், எந்த ஓட்டத்தில் யார் எத்தனையாவதாக வந்தார் என்பது நிற்கிறது.

இறந்தவர்களும் அந்தக் கணக்கில் இருக்கிறார்கள். பீட்டர் கிரேவன் என்ற லிவர்பூல் வீரர், சின்ன உருவம், 1955லும் 1962லும் உலகச் சாம்பியன். 1963 செப்டம்பரில் அதே மெடோபேங்க் தடத்தில், முன்னால் விழுந்த ஒருவர் மீது ஏறிவிடாமல் விலகப் போய் வேலியில் மோதினார். நான்கு நாள் கழித்து உயிர் பிரிந்தது. வயது 29. அன்று எத்தனையாவது ஓட்டம், கூட ஓடியவர்கள் யார் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கிறது. பிரேக் இல்லாத விளையாட்டு கேட்ட விலை அது. அந்த விலையை அவர்கள் மறைக்கவில்லை.

இனி நம் பக்கம்.

தமிழ்நாட்டில் மோட்டார் பந்தயத்தின் பழைய தலம் சோழவரம். சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டி, இரண்டாம் உலகப் போரின்போது போட்ட விமான ஓடுதளம். போர் முடிந்து விமானங்கள் போய்விட்டன. 1953இல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் தொடங்கியது. அதன் முயற்சியில் அந்த ஓடுதளம் பந்தயத் திடலாயிற்று. ஆண்டுக்கொரு முறை, மாசிப் பனி விலகும் நேரத்தில், காரும் மோட்டார் சைக்கிளும் அங்கே சீறின. 1955இல் ராயல் என்ஃபீல்டு சென்னைக்கு வந்து, திருவொற்றியூரில் புல்லட் உருவாகத் தொடங்கிய காலம் அது. சோழவரத்துக்கு இலங்கையிலிருந்தும் வீரர்கள் வருவார்கள். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என்று எல்லாத் திசையிலிருந்தும் வருவார்கள். சவுக்குக் கம்பும் கீற்றும் கட்டிய பந்தலில் பல்லாயிரம் பேர் வெயில் பாராமல் நிற்பார்கள். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் அமைந்ததும் சோழவரத்தின் காலம் முடிந்தது.

அந்தப் பந்தயங்களை ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதின. ஹிந்து நிறுவனத்தின் ஸ்போர்ட் அண்ட் பாஸ்டைம் வார இதழ் 1968 வரை வந்தது. பழைய பிரதிகளைத் தேடிப் பிடிப்பவர்களுக்கு அது ஒரு புதையல். தமிழில்தான் நமக்குப் பஞ்சம். பந்தலில் நின்ற பல்லாயிரம் பேரில் பெரும்பாலோர் தமிழர்கள். அவர்கள் கண்ணால் பார்த்ததை அவர்கள் மொழியில் எழுதிய பக்கங்கள் மிகச் சொற்பம்.

செட்டிநாட்டிலும் போர்க்கால ஓடுதளம் ஒன்று உண்டு என்பது நம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். சோழவரத்துக்கு வாய்த்ததுபோல் ஆண்டுதோறும் ஒரு மோட்டார் பந்தயம் இதற்கு வாய்க்கவில்லை. ஆனால் நம் பந்தயத்துக்கு ஓடுதளம் தேவைப்பட்டதேயில்லை. விடிகாலையில் தார்ச்சாலையை மறித்துவிட்டால் போதும்.

மாட்டு வண்டிப் பந்தயத்தை வெளியூர் வாசகர்களுக்காகச் சற்றே விளக்குகிறேன். பெரிய மாடு, நடு மாடு, சிறிய மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று மாட்டின் பருவத்தையும் உயரத்தையும் வைத்துப் பிரிவுகள். நாடு மெட்ரிக் முறைக்கு மாறி அறுபது ஆண்டானாலும் பந்தய நோட்டீசில் இன்றும் மைல்தான்: போக வர எட்டு மைல், ஆறு மைல், ஐந்து மைல். எல்லையில் கொடி வாங்கித் திரும்ப வேண்டும். முதல் கொடி யார் வாங்கினார் என்பதற்கு ஒரு மரியாதை, முதலில் வந்து சேர்ந்தவருக்கு ஒரு மரியாதை. வண்டியில் சாரதி, கூடவே துணைச் சாரதி இறங்கி ஓடுவார், ஏறுவார், மறுபடி இறங்குவார். இரண்டு பக்கமும் ஜனம். பின்னால் மோட்டார் சைக்கிள்களின் படை. திரும்பும் இடத்தில் இரண்டு வண்டி ஒன்றாக வந்துவிட்டால், வெம்பிளி வளைவில் எழுந்த கூச்சலுக்கு நம் கூச்சல் ஒரு மாற்றும் குறையாது.

இதன் கணக்கு எங்கே இருக்கிறது?

பந்தயத்துக்கு முன்னால் வண்ண நோட்டீஸ் வருகிறது. விழாக் கமிட்டியார், பரிசு கொடுப்பவர்கள், தலைவர்கள் படம் எல்லாம் இருக்கும். பந்தயம் முடிந்த மறுநாள் செய்தித்தாளில் நாலு வரி. முதல் மூன்று வண்டிக்காரர்களின் ஊர், பெயர். இப்போது செல்பேசியில் காணொளி வேறு. அவ்வளவோடு முடிந்தது. நாலாவதாக வந்த வண்டி எது? சாரதி யார்? மாட்டின் பெயர் என்ன? போன ஆண்டு இதே சாலையில் இதே ஜோடி எத்தனையாவதாக வந்தது? 1951இல் வெம்பிளியில் கடைசியாக வந்தவர் பெயரை என்னால் சொல்ல முடிகிறது. அதே 1951இல் நம் பக்கத்தில் நடந்த ஒரு பந்தயத்தில் முதலாவதாக வந்த ஜோடியின் பெயரைச் சொல்ல முடியவில்லை. ஓர் இதழாசிரியராக இது எனக்குப் பொறுக்கவில்லை.

பந்தயம் மட்டும்தானா? முன்பெல்லாம் ஊர்ப் பொட்டலில் ஏழு நாள், பத்து நாள் சைக்கிளை விட்டு இறங்காமல் ஓட்டும் கலைஞர்கள் வருவார்களே! நடுவில் ஒரு கம்பம், மைக் செட், குழல்விளக்கு. சைக்கிள் மேலேயே குளியல், சைக்கிள் மேலேயே சாப்பாடு, தரையில் கிடக்கும் ரூபாய் நோட்டை வாயால் எடுப்பது. ராத்திரி முழுக்க அந்த மனிதர் வட்டமடித்துக்கொண்டே இருப்பார். நாமெல்லாம் வீட்டில் தூங்கி எழுந்து போய்ப் பார்த்தால் அப்போதும் சுற்றிக்கொண்டிருப்பார். அவர்கள் எந்த ஊர்க்காரர்கள், யாரிடம் கற்றார்கள், பிறகு என்ன ஆனார்கள்? குறித்து வைத்தவர் எவரும் உண்டா?

கணக்கு எழுதத் தெரியாத ஊர் நம்முடையது என்று யாரும் சொல்லிவிட முடியாது. பர்மாவிலும் மலேயாவிலும் சைகோனிலும் கடை வைத்தபோது, காலணா பிசகாமல் பேரேடு எழுதியவர்கள் இந்த மண்ணின் மக்கள். கோயிலுக்குக் குடும்பவாரியான புள்ளிக் கணக்கு உண்டு. கல்யாண வீட்டில் மொய் நோட்டு உண்டு. ஐம்பது ஆண்டுக்கு முந்தைய மொய் நோட்டை எடுத்து, எந்த வீட்டார் எவ்வளவு எழுதினார்கள் என்று இன்றைக்கும் பார்த்துச் சொல்வார்கள் நம் ஆச்சிகள். பணத்துக்குக் காட்டிய இந்தக் கவனத்தில் ஒரு பங்கை விளையாட்டுக்குக் காட்டியிருந்தால் போதும். நம்மிடம் ஒரு நூலகமே இருந்திருக்கும்.

நூலகம் என்றதும் கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்களை நினைக்காமல் இருக்க முடியாது. விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். மற்றவர்கள் படித்துவிட்டு எறிகிறவற்றை அவர் சேர்த்தார்: நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கல்யாணப் பத்திரிகை, பழைய இதழ்கள், குஜிலிக் கடைப் புத்தகங்கள். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பைப் பெற்று, அது தமிழ்நாட்டிலேயே இருக்கும்படி செய்தது. 1994இல் சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் உருவாயிற்று. இன்று உலகெங்கும் இருந்து ஆய்வாளர்கள் அங்கே வருகிறார்கள். கோட்டையூரில் ஒரு வீட்டில் ஒரு மனிதர் தாள்களை எறியாமல் வைத்துக்கொண்டதன் பயன் இது. நாடக நோட்டீசுக்கு ஒரு ரோஜா முத்தையா கிடைத்தார். பந்தய நோட்டீசுக்கு?

இதெல்லாம் பழம்பெருமைக்காக மட்டும் சொல்லவில்லை. 2014 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஜல்லிக்கட்டோடு மாட்டு வண்டிப் பந்தயத்தையும் தடை செய்தது உங்களுக்கு நினைவிருக்கும். 2017 ஜனவரியில் இளைஞர்கள் திரண்டார்கள், மத்தியச் சட்டத்துக்கு மாநிலத் திருத்தச் சட்டம் வந்தது, 2023 மே 18இல் அரசியல் சாசன அமர்வு அந்தச் சட்டத்தை ஏற்றது. அந்த ஆண்டுகள் முழுவதும் இது மரபா, மரபென்றால் சான்று என்ன என்ற விவாதம் நடந்தது. ஏறு தழுவுதலுக்கு நம்மிடம் கலித்தொகை இருந்தது. கலித்தொகைக்கும் நேற்றைய செல்பேசிக் காணொளிக்கும் நடுவில், ஊர் ஊராக, ஆண்டு ஆண்டாக எடுத்துக் காட்ட என்ன இருந்தது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மஞ்சுவிரட்டில் உயிர் போகிறது. மாடுபிடி வீரர்கள் மட்டுமல்ல, வேடிக்கை பார்க்க நின்றவர்களும் சாகிறார்கள். மறுநாள் செய்தியில் ஓர் எண்ணிக்கை வருகிறது; அடுத்த ஆண்டு அந்த எண்ணிக்கையும் மறந்துபோகிறது. மாடுகள் கால் ஒடிந்து விழுவதும், கிணற்றில் விழுந்து சாவதும் உண்டு. கணக்கு வைப்பதென்றால் இவற்றையும் சேர்த்தே வைக்க வேண்டும். பீட்டர் கிரேவனைப் போல் நம் ஊர்ப் பையனுக்கும் பெயர், வயது, இடம், எப்படி நடந்தது என்ற குறிப்பு வேண்டும். அப்போதுதான் எந்த இடத்தில் தடுப்பு பலவீனம், எந்தத் திருப்பத்தில் ஜனம் நெருங்கி நிற்கிறது என்று அடுத்த ஆண்டுக் கமிட்டியாருக்குத் தெரியும். பந்தயத்தை நேசிப்பவர்கள்தான் இதை முதலில் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். எதிர்ப்பவர்கள் எழுதட்டும் என்று விட்டுவிட்டால், நாம் விட்ட இடத்தில் அவர்கள் கணக்கு மட்டும் நிற்கும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இதழின் நடுப்பக்கத்தில் ஒரு தாளைத் தனியாகப் பிரித்தெடுக்கும்படி வைத்திருக்கிறோம். வெம்பிளித் தாளைப் பார்த்துப் போட்ட கட்டங்கள்தான். நம் பந்தயத்துக்கு ஏற்றபடி மாற்றியிருக்கிறோம். ஊர், தேதி, திருவிழா, பிரிவு, மைல், ஓடிய வண்டிகள் எத்தனை, வண்டிக்காரர் ஊரும் பெயரும், சாரதி, துணைச் சாரதி, மாடுகளின் பெயர், கொடி வாங்கிய வரிசை, வந்து சேர்ந்த வரிசை. கடைசி வண்டி வரைக்கும் கட்டம் இருக்கிறது. கீழே ஒரு கட்டம் அடிபட்டவர்களுக்கும் அடிபட்ட மாடுகளுக்கும். அடுத்த பந்தயத்துக்குப் போகும்போது இதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள். பேனாவைவிடப் பென்சில் நல்லது. வியர்வையில் எழுத்து ஊறாது. பிள்ளைகளிடம் கொடுத்தால் இன்னும் துல்லியமாக நிரப்புவார்கள்.

பழைய நாட்களுக்கும் இடமுண்டு. பரணிலும் பெட்டியிலும் பந்தய நோட்டீஸ், சோழவரம் நுழைவுச்சீட்டு, கோப்பையோடு எடுத்துக்கொண்ட படம், தாத்தா பந்தயப் பரிசாக வாங்கிய குத்துவிளக்கில் பொறித்த ஊர், ஆண்டு இவை ஏதேனும் இருந்தால் எங்களுக்குத் தெரிவியுங்கள். அசலை அனுப்ப வேண்டாம். அது உங்கள் வீட்டில் இருப்பதே முறை. தெளிவாகப் படமெடுத்து, பின்பக்கத்தையும் எடுத்து அனுப்பினால் போதும். படத்தில் இருப்பவர்கள் யார் யார் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு, இடமிருந்து வலமாக எழுதுங்கள். பெயர் தெரியாதவருக்கு இடம் விட்டுவையுங்கள். இன்னொரு வாசகருக்குத் தெரிந்திருக்கும். பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் இருந்த நம்மவர்கள் அங்கே பார்த்த பந்தயங்களைப் பற்றிக் கடிதத்தில் எழுதியிருக்கலாம். அந்தக் கடிதங்களின் அந்தப் பகுதியை மட்டும் படியெடுத்து அனுப்பினாலும் மகிழ்வோம்.

வருபவற்றைச் சித்திரை இதழிலிருந்து மாதம் இரண்டு பக்கமாக வெளியிடுகிறோம். சேர்ந்த அத்தனையையும் ஊர்வாரியாக அடுக்கி, ஆண்டு முடிவில் ஒரு தொகுப்பாக்கி, நம் பகுதி நூலகங்களுக்கு ஒரு பிரதி தருவதாகவும் முடிவு செய்திருக்கிறோம். நினைவிலிருந்து சொல்லும் பெரியவர்களுக்கு ஆண்டு சரியாக நினைவில்லாவிட்டால், அப்போது ஊரில் என்ன நடந்தது, யார் கல்யாணம், எந்தப் புயல், எந்தத் தேர்தல் என்று கேட்டுக் குறியுங்கள். ஆண்டை நாங்கள் கண்டுபிடித்துக்கொள்கிறோம். மாட்டின் பெயரை மட்டும் அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதை முதலில் கேளுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்